நேர்கோட்டு விரிசல்

ஜூலை 4

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

வணக்கம். வேலை நடந்தால் எழுது, நடக்காவிட்டால் கட்டாயம் எழுது என்று சொல்லிவிட்டு, ஒரு வருடப் பணிக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனீர்கள். நடந்திருக்கிறது. அதுவும் நீங்கள் கேட்காத ஒன்று நடந்திருக்கிறது.

கடைசி வருட மாணவியான எனக்கு நீங்கள் கொடுத்த கேள்வி சின்னக் கேள்விதான். ஈரக் களிமண்ணைத் தடிமனாகப் பரப்பிக் காயவிட்டால் பாளம் பெரிதாக வெடிக்குமா, சிறிதாக வெடிக்குமா? அதற்காகக் கீழ்த்தளத்தில் இரண்டு அறை வாங்கிக் கொடுத்தீர்கள். ஒன்று நடைவழியின் இந்தக் கோடியில், மற்றது அந்தக் கோடியில். இங்கே குழைத்துத் தட்டுகளில் ஊற்றி, அங்கே காயவைக்கிறேன். துறையில் எனக்கு மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தாகிவிட்டது. உங்கள் ஆராய்ச்சி மாணவர் சோடாப்புட்டி அண்ணனின் கைங்கரியம். பதிலுக்கு அவர் கண்ணாடியைக் கேலி செய்யலாம் என்றால், அவருக்கு ஏற்கெனவே பேர் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தடிமன் எப்படி இருந்தாலும் எல்லாத் தட்டிலும் விரிசல் ஒரே திசையில் ஓடுகிறது. வற்றிய குளத்தில் கன்னாபின்னாவென்று வெடித்திருக்குமே, அப்படி இல்லை. கோடு போட்ட தாள் மாதிரி வரிவரியாக இருக்கிறது. டிரேசிங் தாளில் நகலெடுத்து வைத்திருக்கிறேன். பார்த்தால் துள்ளிக் குதிப்பீர்கள். நான் குதித்தேன்.

ஆபீஸ் போனில் பேசினால் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். அதனால்தான் கடிதம்.

உங்கள் மாணவி


ஜூலை 13

மாணவிக்கு,

நகல்கள் வந்தன. குதிக்கவில்லை. முழங்கால் வலி ஒரு காரணம்.

இவ்வளவு ஒழுங்கை மண் சும்மா கொடுக்காது. நீ அனுப்பியது ஆறு தட்டு. அனுப்பாதது எத்தனை? உடைந்தது, கோணலானது, பிடிக்காமல் குப்பையில் போட்டது எல்லாவற்றையும் எழுது. ஜன்னலை அடைத்து, விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி செய். காற்று ஒரு பக்கமாக அடித்திருந்தால் கதை அத்தோடு முடிந்தது.

இதைப் பற்றி இப்போதைக்கு யாரிடமும் பேச வேண்டாம். துறைத்தலைவரிடமும்தான்.

உன் ஆய்வு வழிகாட்டி


ஜூலை 22

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

ஜன்னலில் அட்டை ஒட்டினேன். விசிறியின் இணைப்பையே பிடுங்கிவிட்டேன். வியர்வையில் நனைந்துகொண்டு செய்தேன். கோடு கோடாகத்தான் வந்தது. குப்பையில் போட்டது ஒரே ஒரு தட்டு. கைதவறிக் கீழே விழுந்தது. அதன் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து நகலெடுத்திருக்கிறேன். அதிலும் கோடு இருக்கிறது, பாருங்கள்.

ஒன்று கேட்கலாமா? கேட்கவேண்டாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். நான் அக்கா வீட்டில் தங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரர் இன்சூரன்சில் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். நசுங்கிக் கிடக்கும் வண்டியைக் கண்டால் இது மோதியதா, மோதவிட்டதா என்றுதான் முதலில் கேட்பார். சாப்பிடும்போது உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"யார்கிட்டயும் பேசாதேன்னா எழுதியிருக்காங்க? அப்போ அவங்க யார்கிட்டயோ பேசப்போறாங்கன்னு அர்த்தம்" என்றார்.

"ஏங்க, படிக்கிற பொண்ணு மனசக் கெடுக்காதீங்க" என்றாள் அக்கா.

"நான் எங்க கெடுத்தேன்? கட்டுரை வந்தா யார் பேரு மேல இருக்கும்னு ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கச் சொல்றேன். அவ்வளவுதான்."

அதனால் கேட்கிறேன். கட்டுரை என்று ஒன்று வந்தால் அதில் என் பெயர் இருக்குமா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மாணவி


ஜூலை 31

மாணவிக்கு,

பெயர் போட முதலில் ஒரு கட்டுரை வேண்டும். கட்டுரை எழுத முதலில் ஒரு உண்மை வேண்டும். நாம் இன்னும் அங்கே வரவில்லை. உன் அக்கா வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

செய்முறை முழுவதையும் எழுதி அனுப்பு. அந்தக் கீழ்த்தளத்தையே பார்த்திராத ஒருவன் அதைப் படித்து, உன்னைப் போலவே செய்ய வேண்டும். மண்ணைச் சலிப்பதிலிருந்து தொடங்கு.

உன் ஆய்வு வழிகாட்டி


ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

செய்முறையை மூன்று பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதும்போதே ஒரு எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. பார்த்திராத "ஒருவன்" என்று எழுதியிருந்தீர்கள். யார் அந்த ஒருவன்?

நேற்று விடை கிடைத்தது. மண் மூட்டையைத் தூக்கினேன்; தூக்க வந்துவிட்டது. போன வாரம் இழுக்கத்தான் முடிந்தது. சோடாப்புட்டி அண்ணன் பக்கத்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மூட்டையில மண்ணு குறைஞ்சிருக்கே?"

"எலி தின்னிருக்கும்."

"களிமண்ணையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "மேடம்தான் கொஞ்சம் பார்சல் அனுப்பச் சொன்னாங்க. உங்கிட்ட சொல்ல வேணாம்னாங்க. நானா சொல்லல, நீயாத்தான் கேட்ட" என்றார்.

மேடம், என் மண் உங்களிடம் இருக்கிறது. என் செய்முறையும் இந்தக் கடிதத்தோடு உங்களிடம் வந்து சேரும். ஆள் ஒருவரும் அங்கே தயாராக இருக்கிறார். இங்கே நான் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன வரும்? திருட்டு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணில் படும்படியேதான் அடித்திருக்கிறேன்.

மூன்று பக்கத்தையும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அனுப்பாவிட்டால் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். அனுப்பினால் நான் உங்களைச் சந்தேகப்படுவேன். எனக்கு இரண்டாவது பரவாயில்லை என்று தோன்றியது.

உங்கள் மாணவி


ஆகஸ்ட் 29

மாணவிக்கு,

மண்ணை வரவழைத்தது உண்மை. சொல்ல வேண்டாம் என்றதும் உண்மை. நீங்கள் எழுதி அடித்த சொல்லை வாசித்தேன். கையெழுத்து அழகாகவே இருந்தது.

இங்குள்ள மாணவன் ஒருவன் நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தை வரி பிசகாமல் பின்பற்றினான். மண் அதே மண். அளவும் அதேதான். ஒரு தட்டில்கூடக் கோடு வரவில்லை. கீழே போட்ட கண்ணாடி மாதிரி எல்லாத் திசையிலும் வெடித்தது.

அவன் தவறு செய்திருக்கலாம். நீங்கள் எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம். மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. ஈர மண்மேல் ஒரு சீப்பை இழுத்தால் இதே மாதிரி வரி விழும். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று நான் எழுதவில்லை. செய்யவில்லை என்று எழுதவும் என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த முறை மண் குழைப்பதிலிருந்து காய்ந்து முடியும்வரை என் ஆராய்ச்சி மாணவன் உடன் இருப்பான். இரு அறைகளின் சாவியும் அவனிடம் இருக்கட்டும்.

ஆய்வு வழிகாட்டி


செப்டம்பர் 10

மேடத்துக்கு,

எனக்கு நீங்கள் எப்போதும் "நீ" என்றுதான் எழுதுவீர்கள். இந்த முறை "நீங்கள்" என்று இருந்தது. ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது போல இருந்தது. சரி.

நடந்ததைச் சொல்கிறேன். சோடாப்புட்டி அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் குழைத்ததைப் பார்த்தார். ஊற்றியதைப் பார்த்தார். தட்டுகளை அந்த அறைக்குக் கொண்டுபோக ஒரு கை கொடுத்தார். காயவைத்து அவரே பூட்டினார். கதவு இடுக்கில் காகிதத் துண்டு ஒன்றைக்கூடச் சொருகிவைத்தார். யாராவது திறந்தால் தெரியுமாம். திறந்து பார்த்தபோது எல்லாத் தட்டும் கன்னாபின்னாவென்று வெடித்திருந்தது. ஒரு கோடு இல்லை. பேருக்குக்கூட ஒன்று இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க, தண்ணி தெளிச்சிருக்கீங்க" என்று கத்திவிட்டேன். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். போன பிறகு யோசித்தேன். அவர் ஏன் செய்யவேண்டும்? தெரியவில்லை. நான் செய்யவில்லை என்பது மட்டும் தெரியும். அது எனக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்?

வெடித்த தட்டுகளின் நகலையும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லியிருந்தீர்களே.

மாணவி


செப்டம்பர் 19

மாணவிக்கு,

நகல்கள் கிடைத்தன. தனியாக இருந்தால் கோடு வருகிறது. யாராவது பார்த்தால் வருவதில்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

இந்தத் தலைப்பை நிறுத்திவிடுங்கள். தடிமனைப் பற்றிய பழைய கேள்வியை மட்டும் எழுதித் தேறிக்கொள்ளலாம். துறைக்கு நான் எதுவும் எழுதவில்லை. நான் எழுதினால் உங்கள் பட்டம் நின்றுபோகும். மேற்படிப்புக்கு எங்கேயும் இடம் கிடைக்காது. எழுதவைக்காதீர்கள்.

ஆய்வு வழிகாட்டி


அக்டோபர் 3

மேடத்துக்கு,

நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தவில்லை. இதைக் கடைசிவரை படியுங்கள். அதன் பிறகு துறைக்கு எழுதுவதானால் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆத்திரத்தில் ஒரு தட்டு ஊற்றினேன். யாருக்கும் காட்டுவதற்கு அல்ல, எனக்கே தெரியவேண்டும் என்றுதான். கோடு வந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. ஏனென்றால் அன்றும் நான் தனியாகத்தான் இருந்தேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் இந்தப் பெண்ணை நம்பமாட்டேன். தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி நானே தெரியாமல் எதையாவது செய்கிறேனோ என்றுகூடப் பயந்தேன்.

அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன். விபத்துக்காரர்களிடம் கேட்கும் கேள்வியைத்தான் என்னிடமும் கேட்டார்: "அன்னைக்கி வண்டி எந்த வழியா வந்துது?"

"மாமா, இதுல வண்டி ஏது?"

"பழக்கதோஷம்மா. எதுவா இருந்தா என்ன, சாதாரணமா நீ எப்படிப் பண்ணுவே, அவன் இருந்தப்போ எப்படிப் பண்ணே, அதச் சொல்லு."

சொல்லிக்கொண்டே வந்தவள், தட்டைக் கொண்டுபோகிற இடத்தில் நின்றுவிட்டேன். இதில் வண்டி உண்டு.

குழைக்கும் அறையிலிருந்து காயவைக்கும் அறைக்குத் தட்டுகளை நான் தள்ளுவண்டியில் வைத்துத்தான் கொண்டுபோவேன். அந்த நடைவழியில் வரிவரியாக மேடுவைத்த கல் பதித்திருக்கிறார்கள், வழுக்காமலிருக்க. வண்டி கடகடவென்று ஆடிக்கொண்டே போகும். உங்களுக்கு எழுதிய மூன்று பக்கத்தில் இதை எழுதவே இல்லை. தட்டை எதில் கொண்டுபோனேன் என்று யாராவது எழுதுவார்களா? சோடாப்புட்டி அண்ணன் உட்கார்ந்த வாரம் வண்டியின் ஒரு சக்கரம் கழன்று பழுதுபார்க்கப் போயிருந்தது; அடுத்த வாரம்தான் திரும்பி வந்தது. ஆளுக்கு ஒன்றாகக் கையில் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே உங்கள் மாணவர் ஊற்றிய இடத்திலேயே காயவிட்டிருப்பார், இல்லையா?

மறுநாள் ஓடிப்போய் ஒரு தட்டை நேராகவும், ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பியும் வண்டியில் வைத்துத் தள்ளினேன். திருப்பி வைத்ததில் கோடும் திரும்பியிருந்தது. வண்டி போன திசைக்குக் குறுக்காக விரிசல் விழுகிறது. ஈரமாக இருக்கும்போது எந்தப் பக்கம் ஆட்டினோம் என்பதை மண் வைத்துக்கொண்டிருக்கிறது மேடம். காயும்போது சொல்கிறது.

நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். என்னை விட்டுவிட்டு மண்ணைக் கேளுங்கள். சோடாப்புட்டி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறார். தட்டுகளை எப்படி வைக்க வேண்டும் என்று நீங்கள் அவரிடம் போனில் சொல்லுங்கள். காய்ந்து முடியும்வரை நான் கீழ்த்தளத்துப் படிக்கட்டையே மிதிக்கமாட்டேன். பிறகு வெறும் விரிசலைப் பார்த்து, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் எழுதுகிறேன்.

மாணவி


அக்டோபர் 13

மாணவிக்கு,

ஒப்புக்கொள்கிறேன். அவனிடம் பேசிவிட்டேன். ஆபீஸில் இல்லை, அவன் தங்கியிருக்கும் விடுதிக்கே போன் செய்தேன். அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்லமாட்டான் என்று நம்புகிறேன். மண் விஷயத்தில் சொல்லிவிட்டானே என்பதும் நினைவில் இருக்கிறது.

ஆய்வு வழிகாட்டி


அக்டோபர் 26

மேடத்துக்கு,

ஆறு தட்டிலும் அ முதல் ஊ வரை எழுதி ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பில் சிவப்பு மை இருக்கிறது. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அ, ஆ இரண்டும் சிவப்பு விளிம்பு முன்னால் இருக்கும்படி போயிருக்கின்றன. இ பக்கவாட்டில் போயிருக்கிறது. ஈ கொஞ்சம் வேடிக்கை: மூலை முன்னால் இருக்கும்படி கோணலாக வைத்திருக்கிறார். விரிசலும் மூலைக்கு மூலை ஓடுகிறது.

உ வண்டியில் ஏறவே இல்லை. கையில் தூக்கிக்கொண்டு போனது. இது நீங்கள் எனக்கு வைத்த பொறி என்று நினைக்கிறேன். நான் எல்லாவற்றிலும் கோடு பார்க்கிறவளா என்று பார்த்திருக்கிறீர்கள்.

ஊ எனக்குத் தெரியவில்லை. ஒரு பாதியில் கோடு இருக்கிறது. மறு பாதி கண்டபடி வெடித்திருக்கிறது. நெடுநேரம் பார்த்தேன். பக்கவாட்டில் என்று எழுதினால் சரியாக இருந்தாலும் இருக்கும். ஆனால் அப்படி மண் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்று ஆகிவிடும். ஆகவே, தெரியவில்லை.

மாணவி


நவம்பர் 6

மாணவிக்கு,

அ முதல் உ வரை ஐந்தும் சரி. உ பொறிதான்.

ஐந்து சரி என்றதும் எனக்கு முதலில் வந்த எண்ணம் என்ன தெரியுமா? அவன் உனக்கு உளவு சொல்லிவிட்டான் என்பதுதான். ஊவைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லியிருந்தேன். உளவு சொன்னவன் அதையும் சொல்லியிருப்பானே, இவள் ஏன் தெரியவில்லை என்கிறாள் என்று யோசித்தேன். அவனைப் போனில் கூப்பிட்டு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அந்தத் தட்டு வழியில சரிஞ்சிடுச்சு மேடம். பாதி மண்ணு கொட்டிடுச்சு. அள்ளிப் போட்டு மட்டம் பண்ணி வச்சுட்டேன். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு…" என்றான். திட்டினேன்.

அவன் எனக்கு மறைத்ததை நீ விரிசலில் பார்த்திருக்கிறாய். ஐந்து சரியான பதிலை நம்பாமல் இருந்தவள், உன் ஒரு "தெரியவில்லை"யை நம்பிவிட்டேன்.

இங்குள்ள மாணவன் நூலகத்துப் புத்தக வண்டியை இரவல் வாங்கி, கரடுமுரடான முற்றத்தில் தட்டுகளைத் தள்ளினான். நூலகர் சண்டைக்கு வந்தார். கோடும் வந்தது.

கட்டுரையின் வரைவை அனுப்புகிறேன். பெயர் இரண்டு. உன்னுடையது முதலில் இருக்கிறது. ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு. இந்த மாத இறுதிக்குள் இதழுக்குப் போகவேண்டும்.

உன் ஆய்வு வழிகாட்டி


நவம்பர் 17

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

என் பெயரைத் தட்டச்சில் பார்த்து அக்கா அழுதாள். மாமா அழவில்லை. வரைவை வாங்கிக்கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து, ஓரமெல்லாம் பென்சிலால் குறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் இடிக்குது" என்றார்.

சிரித்துவிட்டு நானும் படித்தேன். எனக்கும் இடித்தது.

சோடாப்புட்டி அண்ணன் உட்கார்ந்திருந்த வாரத்தைக் காணோம். எல்லாத் தட்டும் வெடித்துப்போன வாரம் அது. கட்டுரையில் நாம் தட்டை ஊற்றுகிறோம், கோடு வருகிறது, வண்டி என்று கண்டுபிடிக்கிறோம், திருப்பி வைத்துச் சரிபார்க்கிறோம். தேரை வடம் பிடித்து இழுத்தது போல ஒரே சீராக நகர்கிறது. அங்கே கோடு வராமல் போனதும் இல்லை, நீங்கள் நிறுத்தச் சொன்னதும் இல்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் வண்டி இல்லாமல் போனதால்தானே வண்டி என்று தெரிந்தது? அந்த வாரத்தை எடுத்துவிட்டால், இந்தப் பெண்ணுக்கு எப்படி உதித்தது என்று படிக்கிறவர் கேட்பார். நான் கேட்பேன். இவ்வளவு ஒழுங்கு சும்மா வராதே என்று நினைப்பேன்.

அந்த வாரம் உள்ளே வரவேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன். இதழுக்குப் போக நேரமாகிவிட்டது என்று தெரியும். என் பட்டமும் மேற்படிப்பும் இதை நம்பித்தான் இருக்கிறது என்பதும் தெரியும்.

உங்கள் மாணவி


நவம்பர் 26

மாணவிக்கு,

சரி. இதழுக்குத் தாமதமாகும் என்று எழுதிவிட்டேன்.

அந்த வாரத்துக்கென்று நடுவில் ஒரு பக்கம் காலியாக விட்டு வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீயே எழுது. மூன்று முறை நானே எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அதில் நான் நல்லவளாகவே வருகிறேன்.

உன் ஆய்வு வழிகாட்டி